பாதை முடியிற எடத்துல இருக்குற வீடு

போன மாசம் ஒரு சனிக்கிழமை அந்திக்கு மாமாவோட டீக்கடையில ஒக்காந்திருந்தேன். மஸ்கெலியா டவுனத் தாண்டி மேல ஏறுற ரோட்டுல ஒரு முடக்குல இருக்குற கடை அது, முன்னால மவுசாகலை அணைத் தண்ணி, பின்னால தேயிலை, அன்னைக்கு மேகம் எறங்கி எதிர்த்தாப்புல இருக்குற லயமே (தோட்டத்து ஆளுங்க இருக்குற வரிசை வீடு) கண்ணுக்குத் தெரியல. ஒரு வேன் வந்து நின்னுச்சு. நாலு பசங்க, ரெண்டு பொண்ணுங்க, கொழும்புப் புள்ளைங்க, மேல ஒரு பழைய பங்களாவ புக் பண்ணிருக்கோம் ஃபோன்ல மேப் நின்னுபோச்சு இந்தப் பாதைதானேன்னு கேட்டாங்க. மாமா டீ ஆத்திக்கிட்டே, "இந்த நேரத்துல அந்தப் பக்கம் போகாதீங்க தம்பி, பாலத்துக்கிட்ட மண்ணு எறங்கிக் கெடக்கு, விடிஞ்சோன்ன போங்க"ன்னாரு. ஒரு பையன் சிரிச்சான், இன்னொருத்தன் சிக்னல் தேடி ஃபோன மேல தூக்கிப் புடிச்சான், அந்தப் பொண்ணுல ஒருத்தி மட்டும் மாமா மொகத்தையே பாத்துக்கிட்டு "நெசமாவா அங்கிள்?"னு கேட்டா.

எனக்கு மயிர்க்கூச்சமே வந்துருச்சு. ஏன்னா இந்த சீன நான் குறைஞ்சது ஒரு அம்பது ஸ்லாஷர் படத்துல பாத்திருக்கேன். வேன், பசங்க, பாதை தெரியாத மலை, கடையில ஒரு வயசான ஆளு "போகாதீங்க"ன்னு சொல்றது, அத யாரும் கேக்காம போறது. யாரு பொழைப்பான்னு கூட அந்த எடத்துலயே தெரிஞ்சிரும், கேள்வி கேட்ட அந்தப் பொண்ணுதான். (அவங்க போனாங்க, ஒண்ணும் ஆகல, மறுநா காலைல எறங்கி வந்து மாமா கடையில ரொட்டியும் கட்ட சம்பலும் சாப்ட்டுட்டு சந்தோசமா போனாங்க.) ஆனா அன்னைக்கு ராத்திரி எனக்கு தூக்கம் வரல. இத்தன வருசமா இந்தப் படங்கள வேன்ல போற பசங்களோட கண்ணுல இருந்தே பாத்திருக்கேன், ஆனா நான் இருக்கறது அந்தக் கடையில. இத எழுதியே ஆகணும்னு தோணிச்சு.

ஸ்லாஷர் படம்னா தெரியாதவங்களுக்கு சுருக்கமா சொல்றேன், ஒரு கொலகாரன், அனேகமா மூஞ்சிய மூடிருப்பான், கையில கத்தியோ கோடாலியோ, ஒரு தனியான எடம், ஒரு ராத்திரி, இளவட்டப் பசங்க ஒவ்வொருத்தரா சாகுறது, கடைசில ஒருத்தி மிஞ்சுறது. அவ்வளவுதான் கதை.

நான் மொதல்ல பாத்த ரத்தம் வேற மாதிரி. 95, 96 இருக்கும், கோயில் திருவிழாவுக்கு டவுன்ல இருந்து டீவி, டெக்கு, மூணு கசட்டு வாடகைக்கு எடுத்துட்டு வந்து மேல் லயத்து இஸ்தோப்புல, அதாவது திண்ணையில, வச்சு விடிய விடியப் போடுவாங்க, ரெண்டு லயத்து சனமும் படங்கு விரிச்சு ஒக்காந்திருக்கும். மூணாவது கசட்டு எப்பவும் திகில் படம், அந்த நேரத்துக்கு சின்னப் புள்ளைங்க தூங்கிருக்கணும், நான் தூங்குற மாதிரி போர்வைக்குள்ள ஓட்ட போட்டுப் பாப்பேன். "நூறாவது நாள்" அப்படித்தான் பாத்தேன், 1984ல மணிவண்ணன் எடுத்தது, அந்த மொட்டத்தல சத்யராஜ நெனச்சு ஒரு மாசம் தண்ணி புடிக்கிற பீலிக்கரைக்கு தனியா போகல. அப்பறம் 2001ல ஹட்டன்ல ஒரு கடையில இங்கிலீஷ் ஸ்லாஷர் சீடி ஒண்ணு வாங்கிட்டு வந்தேன், கீழ எழுத்து ஒண்ணும் வராது, எனக்கு இங்கிலீஷும் சுத்தமா தெரியாது, ஆனா முழுப் படமும் புரிஞ்சிச்சு. யாரு சாவப்போறா, எந்தக் கதவத் தொறக்கக்கூடாது, எப்ப பூனை குதிக்கும், எல்லாம். பாஷை தெரியாத ஒருத்தனுக்கு ஒரு படம் முழுசா புரியுதுன்னா அது சின்ன விசயம் இல்ல.

இந்தப் படங்கள எல்லாரும் ஒரே மாதிரி இருக்குன்னு தள்ளிவிடுவாங்க. ஒரே மாதிரிதான் இருக்கும், ஆனா ஏன் அப்படி ஆச்சுன்னு தேடிப் படிச்சா பாதிக்கு மேல காரணம் காசு இல்லாததுதான். 1978ல ஜோன் கார்பென்டர் "ஹாலோவீன்" எடுத்தப்ப கையில இருந்தது சுமார் 3 லட்சம் டொலர், படப்பிடிப்பு 20 நாள் அளவு. கதை நடக்குறது இலையுதிர் காலம், எடுத்ததோ கலிபோர்னியாவுல வசந்த காலம், எங்க பாத்தாலும் பச்சை, அதனால காஞ்ச இலைக்கு பெயிண்ட் அடிச்சு ரோட்டுல கொட்டி, சீன் முடிஞ்சதும் திரும்பப் பொறுக்கி பேக்ல போட்டு அடுத்த தெருவுல கொட்டிருக்காங்க. ஒலகத்தையே பயமுறுத்துன அந்த வெள்ள மூஞ்சி கடையில 2 டொலருக்கும் கொறைவா வாங்குன ஒரு ரப்பர் முகமூடி, "ஸ்டார் ட்ரெக்" கேப்டன் கிர்க்கோட மூஞ்சி, அதுக்கு வெள்ள அடிச்சு கண்ணு ஓட்டைய பெருசாக்கி மாட்டிவிட்டாங்க. முகமூடி இருந்தா உள்ள யாரு இருந்தா என்ன, பெரிய நடிகன் வேணாம். கொலகாரன் கண்ணு வழியா கேமரா போகுதே, அதுலயும் ஆளக் காட்ட வேண்டியதில்ல, வெறும் மூச்சு சத்தம் போதும். படத்தோட ஆரம்பத்துல கத்திய எடுக்குற சின்னப் பையன் கை, படத்த தயாரிச்ச டெப்ரா ஹில்லோட கை, ஏன்னா அந்தப் பையன் அன்னைக்கு வர முடியல.

இசைக்கு ஆள் வைக்கவும் காசு இல்ல, கார்பென்டரே வாசிச்சாரு. அவங்க அப்பா சின்ன வயசுல போங்கோ தட்டி சொல்லிக்குடுத்த அஞ்சடித் தாளம் அது. நம்மாளுங்க காதுக்கு அது கண்ட நடை, நாலு நாலா போகும்னு ஒடம்பு எதிர்பாக்குற எடத்துல ஒரு அடி கூடுதலா விழும், காலு எங்க வைக்கிறதுன்னே தெரியாது, அந்த தடுமாட்டம்தான் பயம். எங்க தோட்டத்துல தப்படிக்கிற பெரியப்பா ஒருத்தருக்கு அந்த மியூசிக்க போட்டுக் காட்டினேன், ரெண்டு சுத்து கேட்டுட்டு தொடையில கரெக்டா தட்டினாரு, "இது சாமி வர வைக்கிற அடி இல்லப்பா, சாமிய நிறுத்தி வைக்கிற அடி"ன்னாரு. அதுக்கப்பறம் அந்தப் படத்த எப்பப் பாத்தாலும் அவரு சொன்னதுதான் காதுல கேக்குது.

அந்தப் படம் அமெரிக்காவுல மட்டும் 4 கோடியே 70 லட்சம் டொலர் சம்பாரிச்சிச்சு. அப்பறம் என்ன, எல்லாரும் எறங்கிட்டாங்க. "ஃப்ரைடே த தேர்டீன்த்" 1980ல வந்தது, கதை எழுதுறதுக்கு முன்னாலேயே பத்திரிகைல ஃபுல் பேஜ் விளம்பரம் குடுத்துட்டு எடுத்த படம், நியூ ஜெர்சியில ஒரு பசங்க கேம்ப், ஒரு ஏரி, சுமார் 5.5 லட்சம் டொலர். அதுல வெட்டுக்காயமெல்லாம் ஏன் அவ்வளவு நெசமா இருக்குன்னா மேக்கப் பண்ண டொம் சவினி வியட்நாம் சண்டையில ஃபோட்டோ எடுக்குறவரா இருந்தவரு, நெசத்தப் பாத்தவரு. அந்தப் படத்துல ஹொக்கி முகமூடி கெடையாது, அது 1982ல மூணாவது பாகத்துலதான் வருது, மொத படத்துல கொல்றது ஒரு அம்மா. 1957ல தன் மகன் அந்த ஏரியில முங்குனப்ப பாத்துக்க வேண்டியவங்க பாத்துக்கலன்னு ஒரு அம்மா. எனக்கு அந்த ஏரியப் பாக்குறப்பெல்லாம் எங்க மவுசாகலைதான் ஞாபகம் வரும். 1969ல அணை கட்டுனப்ப பழைய மஸ்கெலியா டவுனே தண்ணிக்குள்ள போயிருச்சு, வெயில் காலத்துல தண்ணி வத்துனா பழைய கோயில் வெளிய தெரியும், சின்ன வயசுல அதப் பாத்துட்டு வந்து ராத்திரி கண்ண மூடுனா தண்ணிக்கு அடியில மணி அடிக்கிற மாதிரியே இருக்கும். ஏரி அடியில என்னமோ இருக்குன்னு எங்களுக்கு யாரும் கதை சொல்ல வேண்டியதில்ல.

முடிவு தெரிஞ்ச கதைய ஏன்டா திரும்பத் திரும்பப் பாக்குறன்னு எங்க அப்பா கேப்பாரு. அவருதான் எங்க தோட்டத்து காமன் கூத்துல பதினேழு வருசம் பாட்டுக்காரரு! மாசி மாசம் காமன் பொட்டல்ல கம்பம் ஊணுன அன்னைக்கே மன்மதன் எரியப்போறான்னு கைப்புள்ளைக்கும் தெரியும், தெரிஞ்சும் அத்தன ராத்திரியும் குளிர்ல கம்பளியப் போத்திக்கிட்டு போய் ஒக்காருறோம், எரியிற அன்னைக்கு ரதி அழுதா கூட சேந்து அழுவுறோம். வீரபத்திரன் வர்றப்ப இடுப்புல கயித்தக் கட்டி நாலு பேரு இழுத்துப் புடிச்சிருப்பாங்க, உள்ள இருக்குறது நம்ம லயத்துல பக்கத்துக் காம்பரா (ரூம்) அண்ணன்தான்னு தெரியும், ஆனா அந்தக் கண்ண பாத்தா ஓடிருவோம். இதத்தான் அந்த முகமூடிப் படமும் செய்யுது. எப்ப வரும்னு தெரியிறதாலதான் நெஞ்சு அடிக்கிது, என்ன வரும்னே தெரியாட்டி வெறும் திடுக்குதான். அப்பாகிட்ட இத சொன்னப்ப ஒண்ணும் பேசல, ஆனா அந்த வாரம் என்கூட ஒக்காந்து "ஹாலோவீன்" முழுசா பாத்தாரு.

புடிக்காத வழக்கமும் இருக்கு. லவ் பண்ற சோடி செத்துரும், சிகரெட் குடிச்சவ செத்துருவா, நல்ல புள்ள மட்டும் பொழைப்பா, அதுலயும் பொம்பளப் புள்ளைங்க சாவுறப்ப மட்டும் கேமரா நின்னு நிதானமா பாக்கும், ஆம்பள செத்தா ஒரு வெட்டுல முடிஞ்சிரும். இத நான் ஒத்துக்கவே மாட்டேன், காசு இல்லாததால வந்த வழக்கம்னு இதுக்கு சாக்கு சொல்ல முடியாது.

ஆனா அந்தக் கடைசிப் பொண்ணு. கரோல் க்ளோவர்னு ஒரு பேராசிரியை 1987ல ஒரு கட்டுரையில அவளுக்கு "ஃபைனல் கேர்ள்"னு பேரு வச்சாங்க, இப்ப எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. எங்க அக்காவுக்கு அந்தக் கட்டுரையெல்லாம் தெரியாது. அக்கா ஆறு வருசம் கொழும்புப் பக்கம் கார்மென்ட்ஸ்ல வேல செஞ்சா, ஷிஃப்ட் முடிஞ்சு ராத்திரி பதினொரு மணிக்கு போர்டிங்குக்கு நடந்து வருவா. லீவுல வந்தா என்கூட ஒக்காந்து இந்தப் படம் பாப்பா, நான் பயந்து பாப்பேன், அவ படிக்கிற மாதிரி பாப்பா. "திரும்பிப் பாக்காத, ஓடு", "செருப்பக் கழட்டு மொதல்ல", "ஐயோ, அந்தக் கத்திய ஏன்டி கீழ போட்ட"ன்னு சொல்லிக்கிட்டே இருப்பா. "ஹாலோவீன்"ல ஜேமி லீ கர்ட்டிஸ் அலமாரிக்குள்ள ஒளிஞ்சிருந்து துணி மாட்டுற கம்பிய நீட்டி அவன் கண்ணுல குத்துவாங்க, அதுக்கு முன்னால கம்பளி பின்னுற ஊசியால கழுத்துல குத்துவாங்க, அந்த எடம் வந்தா அக்கா ஒண்ணும் பேசமாட்டா, கைய மட்டும் இறுக்கி வச்சிக்குவா. ஒரு தடவ சொன்னா, "தம்பி, நான் குடைய எப்பவும் நுனி முன்னால வர்ற மாதிரிதான் புடிச்சிட்டு நடப்பேன்"னு. எத்தன வருசம் கழிச்சு அத சொல்றா. அந்த ஆறு வருசத்துல என்ன நடந்துச்சு, எதுவும் நடந்துச்சா, நான் இன்னும் கேக்கல.

இப்ப மாமா கடை விசயத்துக்கு வர்றேன்.

1974ல "டெக்சாஸ் செயின்சோ மஸக்கர்" வந்தது, டோப் ஹூப்பர் எடுத்தது, ஒன்றரை லட்சம் டொலருக்குள்ள. பேரக் கேட்டா ரத்த ஆறுன்னு நெனப்பீங்க, ஆனா ரத்தம் ரொம்பக் கொறைவு, வெயிலும் ஈயும் அழுகுன எலும்பும்தான். அஞ்சு பசங்க வேன்ல போறாங்க, பெட்ரோல் செட்டுல பெட்ரோல் இல்ல, அங்க இருக்குற ஆளு அந்தப் பழைய வீட்டுப் பக்கம் போகாதீங்கன்னு சொல்றாரு. கடைசில பாத்தா அவரும் அந்தக் கொலகாரக் குடும்பத்து ஆளுதான். இந்தப் படத்த ஒரு எட்டு தடவ பாத்ததுக்கு அப்பறம்தான் ஆரம்பத்துல வேன்ல ஏறுறவன் பேசுறது எனக்கு ஒறச்சிச்சு, அவங்க குடும்பமே மாடு வெட்டுற எடத்துல வேல செஞ்சவங்க, முந்தி சுத்தியலால அடிப்பாங்க, அப்பறம் மாட்ட சாகடிக்க புதுசா ஒரு காத்துத் துப்பாக்கி வந்து சனத்துக்கு வேல போச்சுன்னு சொல்றான். ஒரு நிமிசம் கூட வராத பேச்சு அது. நான் படத்த நிப்பாட்டிட்டு வெளிய வந்து நின்னேன், எதிர்த்தாப்புல எங்க ஸ்டோரு, தேயிலை ஃபேக்டரி, இருட்டா நிக்கிது. எங்க டிவிசன் ஸ்டோர மூடி பல வருசமாச்சு, மெசினெல்லாம் கழட்டி வித்தாச்சு, கொழுந்து லொறில வேற தோட்டத்துக்குப் போகுது, தாத்தா அங்க ரோலர்ல வேல செஞ்சவரு, மூடுனதுக்கு அப்பறமும் காலைல சங்கு ஊதுற நேரத்துக்கு எந்திரிச்சு ஒக்காந்திருப்பாரு. வேல போன குடும்பம், பாதை முடியிற எடத்துல ஒரு வீடு, வெளியாளு வந்தா பயப்புடுவான். அந்தப் படத்துல பேயா காட்டுறது யாரன்னு அன்னைக்குப் புரிஞ்சிச்சு.

அந்தப் படத்து மேல எனக்குக் கோவம் இல்ல, அதுலயாவது ஏன் இப்படி ஆனாங்கன்னு ஒரு வரி இருக்கு. அதப் பாத்து எடுத்த நூறு படத்துல அந்த வரி கூட கெடையாது, ஊருக்கு வெளிய ஏழையா, பல்லு போயி, அழுக்கா இருந்தா அவன் கொலகாரன், அவ்வளவுதான்.

மூணு வருசத்துக்கு முந்தி ஒரு குரூப் குறும்படம் எடுக்க எங்க தோட்டத்துக்கு வந்தாங்க. திகில் படம்னு கேட்டதும் நான் வேலைக்கு லீவு போட்டுட்டு அவங்க கூடவே சுத்துனேன், வெளக்கு புடிச்சேன், டீ வாங்கிக் குடுத்தேன். எங்க லயத்தப் பாத்துட்டு "இதுதான், இந்த லுக்குதான் வேணும்"னாங்க. எங்க அப்பாயிய கூப்ட்டு, கொழுந்து பறிக்கிறவங்க மாதிரி தலையில கொங்காணித் துணி போட்டு, மேகத்துக்குள்ள அசையாம நிக்கச் சொன்னாங்க, பேசக்கூடாது, கேமராவ மொறச்சுப் பாக்கணும். குளிர்ல ஒரு மணி நேரம் நின்னுச்சு. 500 ரூபா குடுத்தாங்க. அப்பாயி அந்தக் காச முந்தானையில முடிஞ்சிக்கிட்டு ராத்திரி சோறு போட்டுக் குடுக்குறப்ப கேட்டுச்சு, "ஏய்யா, அந்தப் புள்ளைங்க குளிர்ல நடுங்குதுங்க, உள்ள வாங்கன்னு ஒரு வார்த்த கூப்புடக்கூட விடமாட்டேன்னுட்டாங்களே, நான் பேசுனா என்னவாம்?" என்னால பதில் சொல்ல முடியல. வெளக்கு புடிச்சவன் நான்தானே.

பாலு மகேந்திரா நம்ம மட்டக்களப்புல, அமிர்தகழியில பொறந்தவரு, 1980ல "மூடுபனி"னு ஒரு படம் எடுத்தாரு, இளையராஜாவுக்கு அது நூறாவது படம், கொலகாரனா வர்றது பிரதாப் போத்தன், படிச்ச, அமைதியான, பாக்க நல்லா இருக்குற ஒரு ஆளு. கொலகாரன அழுக்குக்குள்ள தேடாத படம். மலைக்கும் மேகத்துக்கும் எப்படி கேமரா வைக்கணும்னு அவர்கிட்ட கத்துக்கணும்னு நான் பல தடவ பாத்துருக்கேன்.

அதனால இப்ப நாங்களே எடுக்குறோம். நானு, மாமா மகன், பணிய லயத்துல ரெண்டு பசங்க, ஒரு ஃபோன், ரெண்டு டோர்ச் லைட்டு, மூடிக்கெடக்குற ஸ்டோரு. கொழுந்து வாட்டுற மேல் மாடியில பலகையெல்லாம் நடந்தா கத்தும், சவுண்டுக்கு வேற ஒண்ணும் வேணாம். "ஈவில் டெட்" எடுத்தப்ப சாம் ரெய்மி ஆளுங்க ஒரு பலகையில கேமராவ வச்சு ரெண்டு பக்கமும் ரெண்டு பேரு புடிச்சிட்டு காட்டுக்குள்ள ஓடுனாங்களாம்ல, நாங்க அத தேயிலைக்கு நடுவுல செஞ்சு பாத்தோம், கவ்வாத்து வெட்டுன, அதாவது செடிய கட்டையா நறுக்கிவிட்ட மலையில ஓடுனா காலு கிழிஞ்சிரும், வாட்டமா பாத வெட்டுன எடமா பாத்து ஓடணும். ரத்தத்துக்கு சீனிய காச்சி செவப்பு கலர் போட்டு, தண்ணியா இருக்குன்னு கொஞ்சம் கித்துள் பாணி விட்டோம், டோர்ச் வெளிச்சத்துல அப்படியே உறைஞ்ச ரத்தம் மாதிரி. முகமூடி உரப்பேக்குல வெட்டுனது, கண்ணுக்கு மட்டும் ஓட்ட.

வழக்கம் ஒண்ணையும் நான் மாத்தல. வேன் வரும், சிக்னல் இருக்காது, கரண்ட் போகும், கடையில மாமா போகாதீங்கன்னு சொல்லுவாரு, ஒவ்வொருத்தரா போவாங்க, ஒருத்தி மிஞ்சுவா, அவ கையில கடைசில குடை இருக்கும். ஆனா முகமூடி போட்டவன் அந்த வேன்லயே வந்தவன். பாதை முடியிற எடத்துல ஒரு லயம், ஒரே ஒரு காம்பராவுல வெளக்கு எரியிது, ஓடி வந்தவ கதவத் தட்டுறா, தொறக்குறது எங்க அப்பாயி.

அந்த சீன்ல பேச நாலு வரி எழுதிக் குடுத்தேன். போன ஞாயித்துக்கிழம எடுத்தப்ப அப்பாயி நாலையும் வுட்டுட்டு அந்தப் பொண்ணோட காலப் பாத்துட்டு, "அட்ட கடிச்சிருக்கே, இரு, உப்பு எடுத்துட்டு வர்றேன், கதவ சாத்து மொதல்ல"ன்னு சொல்லிட்டு உள்ள போயிருச்சு. யாரும் கட் சொல்லல. நல்லா வந்திருக்கு, ஆனா வெளிய மேகம் இல்லாம நெலா வெளிச்சம் பளீர்னு அடிக்கிது, கதவுக்கு அந்தப் பக்கம் அவன் நிக்கிறது தெரிஞ்சிருது. மேகம் எறங்குறப்ப திரும்ப எடுக்கணும். மூணு ராத்திரியா காத்துக்கிட்டு இருக்கோம், இன்னும் எறங்கல.